கணிப்பொறிக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?



வேகம் என்ற சொல்லுக்கு நம் காலத்திலே ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. எந்தப் பொருளை வாங்கச் சென்றாலும், "இது விரைவாக வேலை செய்யுமா?" என்பதே நாம் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கிறது. மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கணிப்பொறியை வாங்குகிறவர்களும் அவ்வாறே கேட்கிறார்கள். கடைக்காரரும் இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார். எண் பெரிதாக இருந்தால் நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் அந்த வேகத்துக்கு நாம் தரும் விலை கடையிலே கொடுத்த பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. மின்சாரக் கட்டணமாகவும், அறையிலே ஏறும் வெப்பமாகவும், விசிறியின் இரைச்சலாகவும் அதை நாள்தோறும் தந்துகொண்டே இருக்கிறோம். அந்த விலையைக் குறைத்துக்கொள்ள வழி உண்டா? குறைத்தால் வேலை கெடுமா? இவ்விரண்டு வினாக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேகம் என்பது யாது என்று முதலில் பார்ப்போம். கணிப்பொறியின் பெட்டிக்குள்ளே, மதர்போர்டு என்னும் பலகையின்மீது, கட்டைவிரல் நகத்தின் அளவினதான சிலிக்கன் துண்டு ஒன்று இருக்கிறது. அதற்குச் செயலி என்று பெயர். அதிலே டிரான்சிஸ்டர்கள் எனப்படும் நுண்ணிய ஸ்விட்சுகள் பல நூறு கோடி அமைந்திருக்கின்றன. அவை யாவும் தத்தம் போக்கில் இயங்கினால் குழப்பமே மிஞ்சும். பாடுகிறவரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே தாளத்தைப் பற்றிக்கொண்டு செல்வது போல, இந்த ஸ்விட்சுகளும் ஒரு மின்துடிப்பைப் பற்றிக்கொண்டே திறந்து மூடுகின்றன. அந்தத் துடிப்பு ஒரு விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே செயலியின் வேகம். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் அது 4.77 மெகாஹெர்ட்ஸ், அதாவது, விநாடிக்கு ஏறத்தாழ 47 லட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள். இன்று வீடுகளில் உள்ள சாதாரண மேசைக் கணிப்பொறி 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் செல்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு நூறு கோடித் துடிப்பு.

இந்த எண்ணின் பெருமையை உணர ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிக விரைவாகத் தட்டச்சுச் செய்கிறவர் ஒருவர் விநாடிக்குப் பத்து எழுத்துக்களை அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில், 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் துடிப்பு 30 கோடி முறை நிகழ்ந்துவிடுகிறது! அந்த எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு அதிலே ஒரு சிறு பகுதியே போதும். எஞ்சிய நேரமெல்லாம் செயலிக்குக் காத்திருப்பதே வேலை. கடிதம் எழுதுவது, கணக்குப் பதிவது, செய்தி படிப்பது ஆகிய அன்றாடக் காரியங்களில் நம் கணிப்பொறி பெரும்பாலும் உழைத்துக் களைப்பதில்லை, நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கேட்பதோடு, எவ்வளவு சிக்கனமாகக் காத்திருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

வேகத்துக்கும் மின்செலவுக்கும் உள்ள உறவு சற்று வியப்பானது. வேகம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்காகும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அது அதற்கு மேலும் செல்கிறது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு நீர்த்தொட்டி போன்றது. ஒவ்வொரு முறை அது நிலை மாறும்போதும் தொட்டி நிரம்புகிறது, அல்லது காலியாகிறது. மின்னழுத்தம் என்பது நீர் நிற்கும் உயரம். வீட்டு மாடியிலே உள்ள தொட்டியில் நீர் நிற்கும் உயரத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், நீரும் இரு மடங்கு வேண்டும்; அந்த நீரை ஏற்ற வேண்டிய உயரமும் இரு மடங்காகிறது. ஆகவே, நிரப்பும் உழைப்பு நான்கு மடங்காகிவிடும். மின்னழுத்தமும் இப்படித்தான்; செலவு அதன் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. இதனோடு, விநாடிக்கு எத்தனை முறை நிரப்பிக் கொட்டுகிறோம் என்பதையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இனி, வேகத்தை மட்டும் கூட்டி மின்னழுத்தத்தைக் கூட்டாமல் இருக்கலாகாதா என்று கேட்கலாம். ஓரளவுக்கு மேல் இயலாது. தாளம் விரைவுபட்டால் ஒவ்வொரு ஸ்விட்சும் முன்னினும் குறைந்த நேரத்தில் நிலை மாறியாக வேண்டும். அதற்கு வலுவான உந்துதல் தேவை. அந்த உந்துதலே மின்னழுத்தம். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்துவதற்கு மின்னழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்த வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். 1.2ஐ 1.2ஆல் பெருக்கி மீண்டும் 1.2ஆல் பெருக்கினால் 1.728 வருகிறது. நூற்றுக்கு இருபது வேகம் கூடுதலாகப் பெற, நூற்றுக்கு எழுபத்து மூன்று மின்சாரம் கூடுதலாகக் கொடுக்கிறோம். இதையே திருப்பிப் பாருங்கள். வேகத்தையும் அழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.8ஐ மும்முறை பெருக்க, 0.512 கிடைக்கிறது. செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. கடைசியில் கிடைக்கும் அந்தச் சிறிதளவு வேகந்தான் எல்லாவற்றிலும் விலை மிகுந்தது. இன்றைய பேச்சில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே கணக்கு இதுதான்.

பல ஆண்டுகள் இந்தக் கணக்கு நம் கண்ணில் படாமலே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1974இல் ராபர்ட் டென்னார்டு என்பவரும் ஐ.பி.எம். நிறுவனத்தில் அவரோடு பணி புரிந்தவர்களும் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே அதே பரப்பில், அதே வெப்பத்தில், அதிக வேகம் பெறலாம் என்பதே அது. முப்பது ஆண்டுக் காலம் தொழில் உலகம் இந்த வழியிலே நடந்து வளம் பெற்றது. ஆனால் டிரான்சிஸ்டர்கள் மிக நுண்மையாகிவிட்டபோது, மூடிய குழாயிலும் நீர் சொட்டுவது போல, மூடிய ஸ்விட்சிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. அழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. வெப்பம் ஏறியது. 2004இல் இன்டெல் நிறுவனத்தார் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தையே கைவிட்டார்கள். அதன் பின்னர் ஒரே துண்டில் இரண்டு, நான்கு, எட்டு என்று பல உட்செயலிகளை அமைக்கும் முறை வளர்ந்தது. ஓடுகிற ஒருவனை மேலும் மேலும் விரட்டுவதைவிட, நிதானமாக நடக்கும் நால்வரை அமர்த்துவது நல்லது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் முறை முதலில் மடிக்கணிப்பொறியிலேதான் பெரிதும் கையாளப்பட்டது. பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்ற கவலையே அதற்குத் தூண்டுகோல். இன்டெல் நிறுவனத்தாரின் ஸ்பீட்ஸ்டெப் என்னும் முறை 2000இல் வந்தது. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் அத்லான் 64 செயலியோடு, கூல் அண்டு கொயட் என்ற பெயரில், அது மேசைக் கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது. குளிர்ச்சியும் அமைதியும் என்பது அப்பெயரின் பொருள். சுவரிலிருந்து தடையின்றி மின்சாரம் பெறும் கணிப்பொறிக்கும் சிக்கனம் வேண்டும் என்பதை அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது. 2008இல் இதற்கு மறுதலையான ஏற்பாடு ஒன்றும் பரவியது. வெப்பத்துக்கு இடம் இருக்கும் வரையில் குறித்த வேகத்தையும் தாண்டிச் சிறிது நேரம் பாய்ந்து செல்வதே அது. டர்போ என்று அதைச் சொல்கிறார்கள். 2022இல் வெளிவந்த ஐ9 13900கே என்னும் மேசைச் செயலிக்கு அடிப்படை அளவு 125 வாட். பாய்ச்சலின் உச்சத்திலே 253 வாட். ஒரே செயலி, இரண்டு மடங்கு மின்சாரம்! வேகமும் அதே போல இரண்டு மடங்காகிவிடுவதில்லை என்பதை முன் சொன்ன கணக்கால் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வேகமாற்றத்தை யார் நடத்துகிறார்கள்? செயலியும், விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களும் சேர்ந்து நடத்துகின்றன. லினக்ஸில் இதைக் கவனிக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாநிலத்தை ஆளும் கவர்னரை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தோடு இணைத்த, சுழலும் இரண்டு குண்டுகளை உடைய கருவிக்கும் கவர்னர் என்றே பெயர். எந்திரம் வேகமாக ஓடினால் குண்டுகள் அகன்று நீராவியைக் குறைக்கும். மெதுவாக ஓடினால் குண்டுகள் ஒடுங்கி நீராவியைக் கூட்டும். கிணற்றிலே நீர் இறைக்கும் ஆயில் எஞ்சினிலும் இத்தகைய கவர்னர் உண்டு என்பதைக் கிராமத்து அன்பர்கள் அறிவார்கள். மின்சக்தியை அளக்கும் வாட் என்ற அலகும் அந்த ஜேம்ஸ் வாட்டின் பெயரே என்பது இங்கே நினைத்து மகிழத் தக்கது.

நாம் தேர்ந்தெடுக்கும் அமைப்புகள் இந்தக் கவர்னருக்கு நாம் இடும் கட்டளைகளே. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் என்னும் பகுதிக்குச் சென்றால், பேலன்ஸ்டு, ஹை பெர்ஃபார்மன்ஸ், பவர் சேவர் என்ற மூன்று திட்டங்களைக் காணலாம். சில கணிப்பொறிகளில் அவற்றுட் சில மறைந்திருக்கும். அவற்றின் உள்ளே, செயலியின் குறைந்த அளவு நிலை, மிகுந்த அளவு நிலை என்று இரண்டு எண்கள் நூற்று விகிதத்தில் இருக்கும். பேலன்ஸ்டு என்ற நடுநிலைத் திட்டத்தில் வேலை வந்தால் வேகம் ஏறும். வேலை தீர்ந்தால் இறங்கும். ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தில் குறைந்த அளவே நூறாக வைக்கப்பட்டிருக்கும். அதாவது, இறங்காதே என்று கட்டளை. மிகுந்த அளவை நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதாகக் குறைத்தால், பல கணிப்பொறிகளில் டர்போப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது; வெப்பமும் விசிறியின் ஓசையும் உடனே தணிவதை அப்போது காணலாம்.

சென்ற கோடையிலே எங்கள் தெருமுனையில் உள்ள ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். விண்ணப்பங்கள் நிரப்பித் தருவதும், சான்றிதழ்களை அச்சிட்டுத் தருவதுமே அக்கடையின் தொழில். மேலே தகரக் கூரை. கடைக்காரப் பெண்மணி மிகுந்த மனக்கவலையோடு இருந்தார். "ஐயா, காலையிலே நன்றாக ஓடுகிறது, உச்சிவேளை வந்தால் நகர மறுக்கிறது. பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பிள்ளைகள் வரிசையிலே நிற்கிறார்கள். புதியது வாங்கத்தான் வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் வாங்க வேண்டும்" என்றார். வேகம் போதவில்லை என்று அந்தப் பழுது பார்ப்பவர் முன்பே கணிப்பொறியை ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்துக்கு மாற்றிவிட்டுச் சென்றிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தோம். செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையே, கம்பளி விரித்தாற்போலத் தூசி படிந்திருந்தது. காற்றுப் புக வழியே இல்லை.

நடந்தது இதுதான். செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் தன்மையுடையது. பெரும்பாலான மேசைச் செயலிகள், வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், எந்தத் திட்டத்தில் வைத்திருந்தாலும் கட்டளையை மீறித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். காலையிலே காற்றுக் குளிர்ந்திருந்தது, பொறி ஓடியது. பகலிலே கூரையும் காய்ந்தது, தூசி வெப்பத்தை வெளியே விடவில்லை, பொறி தளர்ந்தது. வேகம் வேண்டும் என்று இட்ட கட்டளை வெப்பத்தை மேலும் கூட்டியதே தவிர, வேகத்தைத் தரவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூரிகை கொண்டு தூசியை நீக்கினோம். நடுநிலைத் திட்டத்துக்கு மாற்றினோம். பிற்பகலிலும் அது ஓடிற்று. தூசியே முதற் குற்றவாளி என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அமைப்பு அதற்குத் துணை நின்றது. சீட்டுப் பணம் அந்தப் பெண்மணியின் மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு ஆயிற்று.

இப்படிச் சொல்வதால், எப்போதும் மிகக் குறைந்த வேகத்திலேயே வைத்துவிட்டால் மிகுந்த இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. கணிப்பொறி என்பது செயலி மட்டும் அன்று. நினைவகம், வட்டு, விசிறி, திரை ஆகிய யாவும் வேலை முடியும்வரை மின்சாரம் உண்டுகொண்டே இருக்கின்றன. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலையை இருபது நிமிடம் இழுத்தால், செயலியில் மிச்சமானது மற்றவற்றில் செலவாகிவிடக்கூடும். வேலையை விரைந்து முடித்துவிட்டு ஆழ்ந்து உறங்குவது சில சமயங்களில் சிக்கனமாக முடியும். ஆகவேதான் நடுநிலைத் திட்டத்தைப் பெரும்பாலோருக்கு ஏற்றது என்கிறேன். வேலை வரும்போது அது உழைப்பை மறுப்பதில்லை. வேலை இல்லாதபோது வீணே துள்ளுவதும் இல்லை. நீண்ட நேரம் ஒலி, ஒளிப் படங்களைத் தொகுப்பவர்களுக்கும், பெரிய கணக்கீடுகள் செய்பவர்களுக்கும் உயர்ந்த வேகத் திட்டம் சில சமயம் பயன்படும். மின்சாரம் நின்று யு.பி.எஸ். பாட்டரியிலே வேலை செய்ய நேரும்போது சிக்கனத் திட்டம் கை கொடுக்கும்.

மின்னழுத்தத்தைத் தாமே மாற்றிப் பார்க்கும் ஆவல் சிலருக்கு உண்டு. பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள்ளே சென்றால் அதற்கும் வழி இருக்கிறது. தெளிவாக அறிந்தவர்கள் தவிர மற்றவர்கள் அங்கே கை வைக்காதிருத்தல் நலம். அளவு மீறிய அழுத்தம் என்ன செய்யும் என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தாரின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைச் செயலிகள் சில நிலை தடுமாறி நின்றுபோவதாகப் பலரும் முறையிட்டார்கள். செயலிக்குள் இருக்கும் கட்டளைத் தொகுதியின் பிழையால், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கேட்கப்பட்டதே ஒரு காரணம் என்று 2024இல் அந்நிறுவனத்தாரே அறிவித்தார்கள். பிழையைத் திருத்தும் புதிய தொகுதியை வெளியிட்டார்கள். உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஆனால் முன்பே சேதமடைந்த செயலியை அந்தத் திருத்தம் குணப்படுத்த இயலாது. அத்தகைய செயலி உங்களிடம் இருந்தால், மதர்போர்டு செய்தவர்கள் தரும் பயாஸ் புதுப்பிப்பைத் தவறாமல் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்சார எல்லையைக் குறைத்து வைப்பது இதற்கு மாறானது. அதிலே ஆபத்து இல்லை. ஏ.எம்.டி. ரைசன் செயலிகள் பலவற்றில் ஈகோ மோடு என்ற பெயரில் அதற்கென்றே ஓர் அமைப்புத் தந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு, நாம் எழுந்து செல்லும் நேரத்தில் இருக்கிறது. உணவுக்காக ஒரு மணி நேரம் எழுந்து போகிறவர் கணிப்பொறியை ஸ்லீப் என்னும் உறக்க நிலையில் விட்டுச் செல்லலாம். நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் செல்லும். திரும்பி வந்து தொட்டால், விட்ட இடத்திலேயே வேலையைத் தொடரலாம். திரையிலே மீன்களும் கோலங்களும் ஓடும் ஸ்கிரீன் சேவரைச் சிலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். பழைய கண்ணாடிக் குழல் திரைகளில் ஒரே படம் தங்கித் தழும்பு விழாமல் காப்பதற்காக ஏற்பட்டது அது. அதனால் மின்சாரம் மிச்சமாவதில்லை. படத்தை ஓட்டுவதற்காகச் செயலியும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. திரையை அணையவிடுவதே சிக்கனம்.

இவற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் கணிப்பொறியில் 50 வாட் குறைந்தால், முப்பது நாளில் 12 யூனிட் மிச்சம். ஒரு வீட்டுக்கு இது சிறு தொகையே. முப்பது கணிப்பொறி உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது 360 யூனிட். செலவாகும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. அங்கே அமர்ந்து படிக்கும் பிள்ளைகளே அதைத் தாங்குகிறார்கள்.

ஆகவே, இன்று மாலையோ நாளையோ உங்கள் கணிப்பொறியின் முன் அமரும்போது மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். எந்தத் திட்டத்தில் அது ஓடுகிறது என்று பாருங்கள். காரணமின்றி உச்ச வேகத்தில் இருந்தால் நடுநிலைக்கு மாற்றுங்கள். எத்தனை நிமிடத்தில் திரை அணைய வேண்டும், எத்தனை நிமிடத்தில் பொறி உறங்க வேண்டும் என்பதைக் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு இரு முறையேனும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே படிந்த தூசியைத் துடையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வேலை மெதுவாக நடந்தால், அப்போது புதிய செயலியைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னர் அன்று.